நௌசிக்காவும் பதினேழு அடுப்புகளும்

பத்திரிகைத் தொழிலில் ஏறத்தாழ நாற்பது வருடங்களைக் கழித்தவன் நான். அரசியல்வாதிகளையும் எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் அளவுக்கு மீறிப் புகழ்ந்துவிட்டேன் என்று வாசகர்கள் கடிதம் எழுதிக் கண்டித்ததுண்டு. ஆனால், ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் படத்தின் கதாநாயகிக்காக வாதாடி, பதினெட்டு வயதுப் பேத்தியிடம் தோற்றுப்போவேன் என்று ஒருபோதும் நினைத்ததில்லை. கடந்த வருடம் ஆடி மாதத்தில் அது நடந்தது. நடந்த இடம் இலங்கையின் வடமேற்குக் கரையில், புத்தளம் மாவட்டத்தில் அமைந்திருக்கும் உடப்பு.

வெளிநாடுகளில் வாழும் வாசகர்களுக்காக உடப்பைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லவேண்டும். சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில், கடலோரமாக ஒடுங்கிக் கிடக்கும் தமிழ் மீனவக் கிராமம் அது. கரைவலை இழுப்பதும் கருவாடு காயவைப்பதும் அங்கு பரம்பரைத் தொழில்கள். தமது மூதாதையர் இராமேஸ்வரம் பக்கத்திலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் வந்து குடியேறியவர்கள் என்று ஊர்ப்பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களின் காவல் தெய்வம் திரௌபதை அம்மன். ஆடித் திருவிழாவில் பாரதக் கதை நிகழ்வுகள் ஒவ்வொன்றாக நடந்து, இறுதியில் தீமிதிப்பு இடம்பெறும். எனது தாயார் வழி உறவினர்கள் சிலர் இன்னமும் அங்கே வாழ்கிறார்கள். மெல்பனில் பிறந்து வளர்ந்த பேத்திக்கு அந்தத் தீமிதிப்பைக் காட்டுவதற்காகவே அவளை அழைத்துச் சென்றிருந்தேன்.

அன்று மாலை சோளகக் காற்று தென்னைகளை உலுப்பிக்கொண்டிருந்தது. முற்றத்தில் அமர்ந்திருந்தபோது பேத்தி மெதுவாகத் தொடங்கினாள்.

"தாத்தா, நீங்கள் சொல்லிக்கொண்டே இருப்பீர்களே, அந்த நௌசிக்கா படம். விமானத்தில் வரும்போது மறுபடியும் பார்த்தேன். அவளுக்குக் கிடைத்திருக்கும் புகழ் கொஞ்சம் அதிகம் என்று எனக்குப் படுகிறது."

"கார்ட்டூன் என்றாலும் அது எவ்வளவு பெரிய படம், மகள்..." என்று நான் ஆரம்பித்ததுமே இடைமறித்தாள்.

"முதலில், அது கார்ட்டூன் இல்லை. அனிமே."

திருத்தத்தை ஏற்றுக்கொண்டேன். ஆசிரியபீடத்தில் இருந்தவனுக்கு ஒரு சொல்லின் அருமை தெரியாதா?

அந்தப் படத்தை நான் முதன்முதலில் பார்த்தது சுமார் இருபது வருடங்களுக்கு முன்னர், கொழும்பில் நண்பர் ஒருவர் தந்த டி.வி.டி.யில். ஹயாவோ மியாசாகி இயக்கிய அந்தப் படம் 1984 மார்ச் மாதம் ஜப்பானில் வெளியானது. அதற்கு முன்னரே, 1982 இல், அனிமேஜ் என்ற சஞ்சிகையில் அதே கதையை அவர் சித்திரத் தொடராக வரையத் தொடங்கியிருந்தார். படத்தின் வெற்றிக்குப் பின்னர், 1985 இல், இன்று உலகப் புகழ்பெற்ற ஜிப்லி கலைக்கூடம் உருவானது. ஆகவே, அந்தக் கலைக்கூடத்தின் வாசலில் ஏற்றிவைக்கப்பட்ட முதல் விளக்கு நௌசிக்கா என்று சொன்னாலும் பிழையில்லை.

கதை இதுதான். ஏழு நாட்கள் எரிந்த பெரு நெருப்பில் மனித நாகரிகம் அழிந்து ஆயிரம் வருடங்கள் கடந்துவிட்டன. பூமியின் பெரும்பகுதியை நச்சு வித்துகளைப் பரப்பும் பூஞ்சைக்காடு மூடியிருக்கிறது. அதற்குள் இராட்சதப் பூச்சிகள் வாழ்கின்றன. முகமூடி இன்றி மனிதர் உள்ளே போக முடியாது. கடற்காற்று வீசுவதால் நஞ்சு அண்டாத ஒரு சிறிய பள்ளத்தாக்கில் காற்றாலைகளை நம்பி ஒரு கூட்டம் வாழ்கிறது. அந்தப் பள்ளத்தாக்கின் இளவரசி நௌசிக்கா. பூச்சிகளுக்கு அஞ்சாதவள், காற்றில் மிதக்கும் சிறு வானூர்தியில் பறப்பவள். பெரிய தேசங்கள் இரண்டின் போருக்கு நடுவே அந்தச் சிறிய ஊர் அகப்பட்டுக்கொள்கிறது. இறுதியில், வெறிகொண்டு ஓடிவரும் ஓமு என்ற பூச்சிக் கூட்டத்தின் முன்னால் அவள் தன்னந்தனியாக நிற்கிறாள். மோதி இறக்கிறாள். பூச்சிகளே தமது பொன்னிறத் தும்புகளால் அவளைத் தாங்கி உயிர்ப்பிக்கின்றன. நீல உடை அணிந்த ஒருவர் பொன் வயலில் நடந்துவருவார் என்ற பழைய தீர்க்கதரிசனம் நிறைவேறுகிறது.

"இதில் என்ன குறை?" என்று கேட்டேன்.

"குறை எதுவுமே இல்லை என்பதுதான் குறை, தாத்தா," என்றாள். "அவளுக்கு எல்லாம் தெரியும். சிறுபிள்ளைகள், கிழவர்கள், கடிக்க வந்த நரி, பூச்சிகள் எல்லாருக்கும் அவளைப் பிடிக்கும். போதாததற்குத் தீர்க்கதரிசனமும் அவளுக்காகவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. செத்தாலும் எழும்பி வருகிறாள். அவள் வந்ததும் ஊரில் உள்ள மற்றவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு அழுகிறார்கள். அதற்கு மேல் அவர்களுக்கு வேலையில்லை. எனக்குக் குஷானாவைத்தான் பிடிக்கும். எதிரிப் படையின் இளவரசி. அவளிடம் காயம் இருக்கிறது, பிழை இருக்கிறது. அவளை யாரும் சுவரொட்டியாக்கி அறையில் ஒட்டுவதில்லை."

ஒரு வழக்கறிஞரைப்போல நான் எனது கட்சியை எடுத்துரைத்தேன். தந்தை கொல்லப்பட்டதும் நௌசிக்கா வெறிகொண்டு படைவீரர்களை அடித்து வீழ்த்துகிறாளே, பின்னர் தன் கோபத்தைக் கண்டு தானே பயப்படுகிறாளே, அது குறையில்லையா என்றேன். 1985 இல் அமெரிக்காவில் இந்தப் படத்தை இருபது நிமிடங்களுக்கு மேல் வெட்டி, வேறு பெயரில் வெளியிட்டபோது, நௌசிக்கா என்ற பெயரையே மாற்றிவிட்டார்கள். வீடியோ நாடாவின் அட்டையில் படத்தில் இல்லாத ஆண் வீரர்களை முன்னே நிறுத்தி, கதாநாயகியைப் பின்னால் ஒரு மூலையில் தள்ளினார்கள். அப்படிப்பட்ட காலத்தில் வந்தவளை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா என்றும் கேட்டேன்.

"அது அவளை வெட்டியவர்களின் பிழை. அதற்காக அவளுக்கு மேலதிகப் புள்ளி போடமுடியாது," என்றாள் பேத்தி. பல்கலைக்கழகத்தில் அவள் படிக்கவிருந்த துறை சட்டம் என்பதை அப்போதுதான் நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் அவள் சொன்னாள். மியாசாகி முதலில் யோசித்த முடிவில், பூச்சிகளின் முன்னால் நௌசிக்கா வந்து இறங்கியதும் படம் முடிந்துவிடுமாம். அவள் இறந்து மீண்டும் உயிர்த்தெழுவது உடனிருந்த தயாரிப்பாளர்களின் யோசனையில் பின்னர் சேர்ந்ததாம். பார்வையாளர் கண்ணீர் விடவேண்டுமே! எனக்குச் சுருக்கென்றது. சாதாரண செய்தியைக் கண்ணீர் வரும் செய்தியாக மாற்றும் வேலையை ஒருகாலத்தில் நானும் செய்தவன் அல்லவா?

மறுநாள் அவள் சித்திரத் தொடரின் கதையையும் எனக்குச் சொல்லத் தொடங்கினாள். படம் வெளியான பின்னரும் மியாசாகி அந்தத் தொடரை இடையிடையே நிறுத்தியும் தொடர்ந்தும் 1994 வரையில் வரைந்தார். மொத்தம் ஏழு தொகுதிகள். படம் சொல்வது முதல் இரண்டு தொகுதிகளின் அளவுகூட இல்லை. தொடரில் வரும் நௌசிக்கா வேறு ஒருத்தி. நச்சுக்காடு இயற்கையாக முளைத்தது அல்ல, பூமியைச் சுத்திகரிப்பதற்காகப் பழைய மனிதர்கள் செயற்கையாக உருவாக்கியது என்பதை அவள் கண்டுபிடிக்கிறாள். அத்துடன், நஞ்சுக்குப் பழகும்படி மாற்றப்பட்ட இன்றைய மனிதர்களால் சுத்தமான உலகத்தில் உயிர்வாழவே முடியாது என்பதையும் அறிகிறாள். எதிர்காலத்துக்காகச் சேமித்து வைக்கப்பட்டிருந்த புதிய மனிதக் கருக்களை அழிப்பதற்கு அவளே காரணமாகிறாள். அதன் பிறகு, தன்னை நம்பும் மக்களிடம் அந்த உண்மையை மறைத்துவிடுகிறாள்.

"தொடரில் வருபவளைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. ஆனால், உலகம் கொண்டாடுவது அவளை அல்ல. பொன் வயலில் நடந்து வருகிறவளைத்தான்," என்றாள்.

தீமிதிப்பு முடிந்த இரவில் இதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். நாம் நமது நாயகிகளை என்ன செய்திருக்கிறோம்? இந்தப் புத்தளக் கரையிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள்.

தெற்கே உடப்பில் திரௌபதை. வடக்கே, வில்பத்துக் காட்டின் கடலோரத்தில் குதிரைமலை முனை. அங்கேதான் அல்லி அரசாணியின் தலைநகர் இருந்தது என்பது இலங்கைத் தமிழரின் ஐதீகம். முத்துக்குளிப்புக்குப் பெயர்போன கடல் அது. குதிரைமலைக்குக் கிட்டவே விஜயன் வந்திறங்கிய தம்பபன்னி என்றும் சொல்வார்கள். அவனைக் கரையில் ஏற்றுச் சோறு போட்டவள் குவேனி.

திரௌபதையும் அல்லியும் கதைப்படி ஒரே அர்ச்சுனனின் மனைவியர். ஒருத்தியைத் தெய்வமாக்கி ஆண்டுதோறும் அவள் முன்னிலையில் நெருப்பை மிதிக்கிறோம். மற்றவளைப் பழமொழியாக்கிவிட்டோம். ஒரு வீட்டில் பெண்ணின் குரல் சற்று ஓங்கினால் "அங்கே அல்லி ராச்சியம்" என்கிறோம். புகழேந்திப் புலவரின் பெயரால் வழங்கும் அல்லி அரசாணி மாலையில், ஆண்களை அண்டவிடாமல் அரசாண்ட அவள் உறங்கும்போது, பாம்பாக உருமாறிச் சென்ற அர்ச்சுனன் தாலி கட்டிவிடுகிறான். அரசாண்ட அருமையை விட்டுவிட்டுத் தாலி ஏறிய தந்திரத்தை நாம் இரசித்தோம். குவேனியின் கதையோ இன்னும் கொடியது. நாட்டைப் பெற்றுக் கொடுத்தவளை, மதுரையிலிருந்து பாண்டிய இளவரசி வந்ததும் விஜயன் துரத்திவிட்டான். அவள் தன் இனத்தவர் கையாலேயே மாண்டாள்.

நௌசிக்கா என்ற பெயரின் மூலத்தையும் இங்கே சொல்லவேண்டும். அது ஹோமரின் ஒடிசியில் வருவது. கப்பல் உடைந்து, உடுதுணியின்றிக் கரையொதுங்கிய ஒடிசியசைக் கண்டு தோழிப் பெண்கள் எல்லாரும் ஓடுகிறார்கள். நௌசிக்கா மட்டும் ஓடவில்லை. உடையும் உணவும் கொடுத்து ஊருக்கு வழிகாட்டுகிறாள். கிரேக்கப் புராணங்கள் பற்றிய கைநூல் ஒன்றில் அவளைப் படித்ததையும், பூச்சிகளை விரும்பிய சீமாட்டியைப் பற்றிய ஒரு பழைய ஜப்பானியக் கதையையும் சேர்த்துத்தான் தனது நாயகியை உருவாக்கியதாக மியாசாகி எழுதியிருக்கிறார். கரையொதுங்கியவனைக் கண்டு ஓடாமல் நின்றதுதான் மூல நௌசிக்காவின் முழுப் பெருமையும். அவள் பறக்கவில்லை, சாகவில்லை, உயிர்த்தெழவில்லை.

கரையொதுங்கியவர்கள் என்றதும் எனக்குக் கற்பிட்டி நினைவுக்கு வந்தது. நித்திரை போய்விட்டது.

காலையில் பேத்தியிடம், "இன்று உன்னை ஓரிடத்துக்குக் கூட்டிப்போகிறேன்," என்றேன்.

புத்தளம் வீதியில் வடக்கே சென்று, பாலாவிச் சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் கற்பிட்டித் தீபகற்பம். ஒருபுறம் கடல், மறுபுறம் புத்தளம் களப்பு. நுரைச்சோலையைக் கடக்கும்போது அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிந்தது. 2011 இல் அதன் முதலாவது பிரிவு இயங்கத் தொடங்கியது. 2014 இல் மூன்று பிரிவுகளும் சேர்ந்து 900 மெகாவாட் ஆயின. நாட்டுக்கு வெளிச்சம் தருவது அதுதான். அருகில் உள்ளவர்கள் சாம்பல் தூசி பற்றி முறையிடுவதும் உண்மைதான். அந்தப் பக்கத்திலேயே மாம்புரிக் கரையில் காற்றாலைகள் வரிசையாகச் சுழன்றுகொண்டிருந்தன. பேத்தி யன்னலைத் திறந்து தலையை நீட்டினாள்.

"தாத்தா, இதுதான் காற்றுப் பள்ளத்தாக்கு!" என்று கத்தினாள். "அங்கே புகை, இங்கே காற்றாலை. மியாசாகி வந்து பார்த்துவிட்டுப் போனாரா?"

சிரித்தேன். ஆனால், எனது மனம் 1990 ஒக்டோபருக்குப் போய்விட்டிருந்தது.

அந்த மாதத்தின் இறுதியில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பிறந்த மண்ணை விட்டு வெளியேற யாழ்ப்பாணத்தவர்களுக்குச் சில மணித்தியாலங்களும், மற்றைய இடங்களில் சில நாட்களுமே அவகாசம் கொடுக்கப்பட்டன. மன்னார்த்தீவில் இருந்தவர்களில் பெருந்தொகையானோர் படகுகளில் ஏறிக் கடல்வழியாகக் கற்பிட்டிக் கரையை வந்தடைந்தார்கள். நகையும் பணமும் பறிபோய், மழையிலும் கடல்நீரிலும் நனைந்து, கைக்குழந்தைகளுடன் வந்திறங்கினார்கள். தமிழில் பேசி, தமிழில் எழுதி, தமிழில் அழுத மக்கள். தமிழ் இனத்தவன் என்ற வகையில் எனக்குத் தலைகுனிவைத் தந்த நாட்கள் அவை.

அப்போது எனக்கு முப்பத்துமூன்று வயது. பத்திரிகை என்னைக் கற்பிட்டிக்கு அனுப்பியது. பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் ஓலைக் கொட்டில்களிலும் சனம் நிரம்பி வழிந்தது. கரைக்கு அருகில் ஓர் ஒழுங்கையில், மீனவர் ஒருவரின் மனைவியைச் சந்தித்தேன். முதல் படகு வந்த இரவிலேயே தனது வீட்டுக் கதவைத் திறந்துவிட்டு, இருந்த அரிசி முழுவதையும் உலையில் போட்டவர் என்று பலரும் அவரைச் சுட்டிக்காட்டினார்கள். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். ராத்தா என்று அழைத்தேன். அவர் பேசியது கொஞ்சம். நான் எழுதியது அதிகம். இடுப்பில் வேறு யாருடையதோ குழந்தை, கையில் அகப்பை, பின்னால் கடல். எங்கள் படப்பிடிப்பாளர் எடுத்த அந்தப் படத்துடன் அரைப்பக்கக் கட்டுரை வெளியானது. அகதிகளின் அன்னை என்ற பொருளில் தலைப்பிட்டிருந்தேன். பாராட்டுக் கடிதங்கள் குவிந்தன. பல வருடங்களாக எனது மிகச்சிறந்த கட்டுரை அதுதான் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் அவரிடமிருந்து ஒரு தபாலட்டை வந்தது. சோறு சமைத்தது தனது வீட்டில் மட்டும் அல்லவென்றும், அந்த ஒழுங்கையில் மொத்தம் பதினேழு வீடுகளில் அன்று அடுப்பு எரிந்ததென்றும், அந்தப் பெயர்களையும் பத்திரிகையில் போடவேண்டும் என்றும் எழுதி, பெயர்களை வரிசையாகக் கொடுத்திருந்தார். பழைய செய்தி ஆயிற்றே, இனி யார் படிப்பார்கள் என்று நினைத்து அதை மேசை இழுப்பறையில் போட்டேன். எவரும் தடுக்கவில்லை. போடவேண்டாம் என்று தீர்மானித்தவன் நானேதான். பின்னர் அலுவலகம் இடம்மாறியபோது அந்தத் தபாலட்டையும் எங்கோ போய்விட்டது.

அதற்குப் பின்னர் இரண்டு, மூன்று தடவைகள் கற்பிட்டிக்குப் போயிருக்கிறேன். ஒல்லாந்தர் கட்டிய கோட்டையைப் பற்றியும் களப்பு மீன்பிடி பற்றியும் எழுதியிருக்கிறேன். அந்த ஒழுங்கைக்குள் மட்டும் கால்வைக்கவில்லை.

இம்முறை விசாரித்துக்கொண்டு போனோம். வீடு கல்வீடாகியிருந்தது. ராத்தாவுக்கு எழுபது கடந்துவிட்டது. கணவர் காலமாகிவிட்டார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"பேப்பர்காரத் தம்பியா? வாங்க. இவ்வளவு காலம் எடுத்ததா வழி கண்டுபிடிக்க?"

இஞ்சித் தேநீர் வந்தது. பேத்தி அவருக்குப் பக்கத்தில் பாயில் அமர்ந்தாள். உள்ளறைச் சுவரில் எனது கட்டுரையைச் சட்டம்போட்டு மாட்டியிருப்பார் என்ற ஓர் அற்ப ஆசை எனக்குள் இருந்ததை இங்கே மறைக்க விரும்பவில்லை. அப்படி ஒன்றும் அங்கே இருக்கவில்லை.

மெதுவாகத்தான் சொன்னார். குரலில் கோபம் இல்லை. கட்டுரை வந்த பின்னர் கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வந்தவர்கள் எல்லாரும் அவருடைய வீட்டையே தேடி வந்தார்களாம். அரிசி மூட்டையும் பால்மாவும் துணியும் அவர் பெயருக்கே வந்தனவாம். வந்ததை அவர் பங்கிட்டார். ஆனாலும், இன்னும் ஏதோ உள்ளே வைத்திருக்கிறார் என்று முகாமில் கதை பரவியது. ஒழுங்கையில் உள்ள பெண்களோ, எங்கள் பானைச் சோற்றுக்கும் சேர்த்து அவள் பேர் வாங்கிவிட்டாள் என்று மனம் நொந்தார்கள். கணவர் தேநீர்க்கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

"பக்கத்து வீட்டு மாமி அண்டைக்கு ராத்திரி மூன்று உலை வைத்தவ. அவட பிள்ளைகளுக்கு அடுத்தநாள் காலைக்கு ஒன்றுமில்லை. நான் ஓர் உலைதான் வைத்தேன். உங்கட பேப்பர் வந்த நாளில் இருந்து அவ என்னோட கதைக்கவில்லை. மௌத்தாகும் வரைக்கும் கதைக்கவில்லை. நான் கதவைத் திறந்தது உண்மை, தம்பி. ஆனால், பதினேழு அடுப்பு எரிந்தது. நீங்கள் ஓர் அடுப்பின் புகையைத்தான் பார்த்தீங்க."

நான் மன்னிப்புக் கேட்டேன். தபாலட்டையைப் பற்றியும் சொன்னேன். "அது கிடைத்ததா? கிடைக்கவில்லை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தேன்," என்றார். அந்த ஒரு வசனம் என்னை அடித்ததுபோல வேறெதுவும் அடிக்கவில்லை. கிடைக்கவில்லை என்று நினைத்தவரை அந்த நம்பிக்கை ஓரளவு ஆறுதல்படுத்தியிருந்திருக்கிறது. அதையும் நான் கெடுத்துவிட்டேன்.

அவ்வளவு நேரமும் பேசாமலிருந்த பேத்தி கேட்டாள், "பாட்டி, அன்றைக்கு நீங்கள் பயப்படவில்லையா?"

"பயப்பட எங்கே நேரம், மகள்? பிள்ளைகள் பசியில் கத்துது. அரிசி களையவேண்டும். விறகு எல்லாம் நனைந்து கிடந்தது," என்றார் ராத்தா.

திரும்பி வரும் வழியில் களப்போரத்தில் வாகனத்தை நிறுத்தினோம். அந்தக் கரையில் 1980களிலும் 90களிலும் இறால் பண்ணைகளுக்காகக் கண்டல் காடுகளை ஏக்கர் கணக்கில் அழித்தார்கள். பின்னர் வெண்புள்ளி நோய் வந்தது. குளங்கள் கைவிடப்பட்டன. உவர் ஏறிய வெறும் நிலம் மிஞ்சியது. இப்போது ஆங்காங்கே கண்டல் கன்றுகள் மறுபடி தலைகாட்டுகின்றன. 2015 இல் நாட்டின் கண்டல் காடுகள் அனைத்தையும் பாதுகாக்கும் திட்டமொன்றைச் சிலாபம் பகுதியைத் தளமாகக் கொண்ட சுதீச என்ற அமைப்பு, வெளிநாட்டு நிறுவனமொன்றுடனும் அரசாங்கத்துடனும் இணைந்து தொடங்கியது. களப்போரக் கிராமங்களின் பெண்களுக்குப் பயிற்சியும் சிறுகடனும் கொடுத்து, பதிலுக்குக் கண்டலைக் காக்கும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைப்பது அதன் அடிப்படை. சேற்றில் இறங்கிக் கன்று நடும் அந்தப் பெண்கள் ஒருவரையும் நமக்குத் தெரியாது. வேர்கள் சேற்றைப் பிடித்துவைக்க, மீனும் நண்டும் மெல்லத் திரும்புகின்றன.

அப்போது எனக்கு அந்தப் படத்தின் வேறு ஒரு காட்சி ஞாபகத்துக்கு வந்தது. மாளிகையின் அடியில், யாருக்கும் தெரியாமல் நௌசிக்கா ஒரு தோட்டம் வைத்திருப்பாள். நச்சுக்காட்டின் செடிகளை ஆழ்கிணற்றுத் தண்ணீரும் சுத்தமான மண்ணும் கொடுத்து வளர்த்திருப்பாள். அவை நஞ்சைக் கக்கவில்லை. நஞ்சு செடியில் இல்லை, மண்ணில் இருக்கிறது, அந்த மண்ணை மரங்கள்தான் சத்தமின்றிச் சுத்திகரித்துக் கொண்டிருக்கின்றன என்று பின்னர் அவளுக்கு விளங்குகிறது. ஜப்பானின் மினமாட்டா குடாவில் ஆலைக் கழிவின் பாதரசத்தால் நச்சேறிய கடலில், மனிதர் மீன்பிடிப்பதை நிறுத்தியபின் உயிரினங்கள் பெருகியதைக் கேள்விப்பட்டது தனது கற்பனையைத் தூண்டியதாக மியாசாகி கூறியிருக்கிறார். கதையின் உயிர் அந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறது.

பேத்தியிடம் சொன்னேன். "நீ சொன்னது சரி. பொன் வயலில் நடப்பவளுக்குக் கிடைத்த புகழ் அதிகம்தான். ஆனால், நிலவறையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவளுக்குக் கிடைத்தது மிகக் குறைவு."

அவள் சற்றுநேரம் யோசித்தாள். "இரண்டும் ஒரே ஆள்தானே, தாத்தா."

"ஒரே ஆள்தான். எந்தக் காட்சியைச் சுவரொட்டியாக்குகிறோம் என்பதில்தான் பிழை. அது அவள் செய்த பிழை இல்லை."

"அப்படியென்றால், ராத்தா பாட்டி?"

பதில் சொல்ல எனக்குச் சற்று நேரம் எடுத்தது. அந்தப் பெண்மணி செய்தது பெரிய காரியம். அதில் இன்றும் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் அவரைப் புகழ்ந்தது பொய்யும் அல்ல. ஆனால், ஓர் ஒழுங்கை முழுவதும் சேர்ந்து செய்ததை ஒருவரின் தலையில் ஏற்றிவைத்தேன். ஏற்றிய எனக்கு அது பாரமாகத் தெரியவில்லை. முப்பத்தைந்து வருடங்களாகச் சுமந்தவர் அவர். பக்கத்து வீட்டு மாமியின் மூன்று உலைகளை நான் அணைத்துவிட்டேன். பத்திரிகைக்காரர்களான நாங்கள் முகம் இல்லாமல் செய்தி எழுதத் தெரியாதவர்கள். ஒரு முகம் கிடைத்தால் மற்ற முகங்களை மறைத்தேனும் அதைப் பெரிதாக்குவோம். வாசகர் மனதில் பதியும் என்று அதற்கு நியாயமும் வைத்திருப்போம்.

விடைபெறும்போது ராத்தாவிடம் ஒன்று கேட்டிருந்தேன். அந்தப் பதினேழு வீட்டாரின் பெயர்களையும் மறுபடி சொல்லுங்கள், இப்போதாவது எழுதுகிறேன் என்றேன். அவர் விரல் மடித்து, ஒழுங்கையின் முனையிலிருந்து வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு பெயரையும் மறக்கவில்லை. பேத்தி தனது தொலைபேசியில் அவற்றைப் பதிந்துகொண்டாள். பிறகு, ராத்தா தலையை ஆட்டினார்.

"வேண்டாம் தம்பி. மற்றப் பதினாறு பேரில் பதினொரு பேர் மௌத்தாகிவிட்டார்கள். மிச்சம் இருக்கிறவர்களுக்கு இனிப் பேப்பரில் பேர் வந்து என்ன ஆகப்போகிறது? இன்னொரு சண்டை வராமல் இருந்தால் போதும். எண்ணிக்கையை மட்டும் சரியாக எழுதுங்க."

ஆகவே, 1990 ஆம் ஆண்டு நான் எழுதிய கட்டுரைக்கான திருத்தத்தை, மிகவும் தாமதமாக, இங்கே பதிவுசெய்கிறேன். கற்பிட்டிக் கரையில் முதல் படகு வந்து சேர்ந்த அந்த இரவில் அந்த ஒழுங்கையில் சோறு வெந்தது ஒரு வீட்டில் அல்ல. பதினேழு வீடுகளில்.